முடிசூடாதவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: பவேரியாவின் லூயிட்போல்ட் குறித்துச் சேலத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்துக் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் மாணவர்களிடம் ஐரோப்பிய ஆளுமை ஒருவரைப் பற்றி வாழ்க்கைக் கட்டுரை எழுதும்படி சொன்னால், பெரும்பாலோர் நெப்போலியனையோ பிஸ்மார்க்கையோ தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாதையில் முன்பே எண்ணற்றோர் நடந்துவிட்டதால், புதிதாக ஒரு கேள்வியை எழுப்புவதே அரிதாகிவிடுகிறது. ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள பவேரியாவை 1886 முதல் 1912 வரை, அரசர் என்ற பட்டம் இல்லாமலேயே ஆண்ட இளவரசர் லூயிட்போல்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்லி வருகிறேன். தனக்கு உரிமையில்லாத ஓர் அதிகாரத்தை இருபத்தாறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கையில் வைத்திருந்து, அதைத் தனதாக்கிக்கொள்ளாமலேயே இறந்தவர் அவர். அவரைப் பற்றி எழுதத் தூண்டுவதும் அதுதான்; எழுதுவதைக் கடினமாக்குவதும் அதுதான்.

ரீஜண்ட் எனப்படும் ஆட்சிப் பொறுப்பாளரின் வாழ்க்கையை, ஓர் அரசரின் வாழ்க்கையைப் போலவே எழுதிவிடுவதுதான் இத்தகைய கட்டுரைகளில் அடிக்கடி நேரும் பிழை. பிறந்தார், முடிசூடினார், ஆண்டார், மறைந்தார் என்ற வரிசை இவருக்குப் பொருந்தாது. இவர் முடிசூடவே இல்லை. ஆகவே மூன்று கேள்விகளை முதல் பத்தியிலிருந்து கடைசிப் பத்தி வரை கைவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: யாருக்குப் பதிலாக ஆண்டார், எந்தச் சட்டத்தின்படி ஆண்டார், எதைச் செய்ய அவருக்கு உரிமை இருக்கவில்லை. இவற்றுள் மூன்றாவது கேள்வியைத்தான் மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் கட்டுரையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

சட்டத்திலிருந்து தொடங்குங்கள்

பிறப்பிலிருந்து தொடங்கும் ஆசையைச் சற்று ஒத்திவைத்து, 1818 மே 26 அன்று வெளியிடப்பட்ட பவேரிய அரசியலமைப்பின் இரண்டாம் தலைப்பை முதலில் படியுங்கள். அரசர் வயதுக்கு வராதவராக இருந்தாலோ, ஓர் ஆண்டுக்கு மேல் ஆட்சி நடத்த இயலாத நிலையில் இருந்தாலோ, அவருக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பாளர் ஒருவர் அமர வேண்டும் என்று அது விதிக்கிறது. அதோடு நில்லாமல், அந்தப் பொறுப்பாளரின் கைகளை எங்கெல்லாம் கட்ட வேண்டும் என்பதையும் சொல்கிறது. காலியாகும் பதவிகளை, நீதித்துறைப் பதவிகள் நீங்கலாக, அவர் தற்காலிகமாகவே நிரப்பலாம். அரசுரிமைச் சொத்துகளை அவர் விற்க முடியாது. அரசிடம் திரும்பி வந்த மானிய நிலங்களைப் பிறருக்கு வழங்க முடியாது. புதிய பதவிகளை உருவாக்கவும் முடியாது.

இதைக் கேட்போருக்கு விளக்குவது நம் ஊரில் எளிது. சேலத்துப் பத்திர எழுத்தர் எவரைக் கேட்டாலும், மைனர் சொத்தைக் கார்டியன் பராமரிக்கலாம், குத்தகைப் பணத்தை வாங்கலாம், வரி கட்டலாம், ஆனால் நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது என்று சொல்லிவிடுவார். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பவேரிய விதியின் கருத்தும் இதற்கு மிக அருகில் நிற்கிறது: சொத்து வேறொருவருடையது, பொறுப்பு மட்டுமே உன்னுடையது. உரையாக வழங்குபவர்கள் இந்த ஒப்பீட்டைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் கேட்பவர்கள் தாமாகவே சரியாக எடைபோடத் தொடங்குவார்கள்.

அரசியலமைப்பின் ஜெர்மன் மூலம் இணையத்தில் கிடைக்கிறது. பழைய ஜெர்மன் நூல்கள் பலவற்றை மியூனிக்கிலுள்ள பவேரிய அரசு நூலகம் மின்வடிவில் பார்வைக்கு வைத்திருக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பு ஓரளவு கைகொடுக்கும். ஆனால் அக்கால நூல்கள் முறுக்கெழுத்து வடிவில் அச்சிடப்பட்டவை என்பதையும், அந்த வடிவத்தில் ‘எஸ்’ என்ற எழுத்து ‘எஃப்’ போலவே தோன்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். கணினி அதைத் தவறாகப் படித்தால் மொழிபெயர்ப்பும் வழுக்கிவிடும். பெயரும் ஆண்டும் வரும் இடங்களில் பக்கத்தின் படத்தையே கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள்.

குடும்ப வரைபடம் ஒன்றைக் கையால் வரையுங்கள்

பவேரியாவை ஆண்ட விட்டல்ஸ்பாக் குடும்பத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். இந்தக் கட்டுரையில் மட்டும் மூன்று லுட்விக்குகளும் இரண்டு ஓட்டோக்களும் இரண்டு தெரேசாக்களும் இருக்கிறார்கள். வரைபடம் இல்லாமல் எழுத உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்திலேயே குழம்பிவிடுவீர்கள்.

லூயிட்போல்ட் 1821 மார்ச் 12 அன்று வூர்ட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை அப்போது பட்டத்து இளவரசர். 1825இல் முதலாம் லுட்விக் என்ற பெயரில் அரசரானார். தாய் சாக்ஸ-ஹில்ட்பர்க்ஹவுசன் குடும்பத்துத் தெரேசா. இவர்களுடைய 1810ஆம் ஆண்டுத் திருமணக் கொண்டாட்டம்தான் மியூனிக்கின் புகழ்பெற்ற அக்டோபர் விழாவாக வளர்ந்தது. மூத்த அண்ணன் மாக்சிமிலியன் பவேரிய அரசரானார். அடுத்த அண்ணன் ஓட்டோ 1832இல் கிரேக்க நாட்டின் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1862இல் அரியணையை இழந்தார். மூத்த அண்ணனுக்கு இரண்டு மகன்கள்: இரண்டாம் லுட்விக், ஓட்டோ. லூயிட்போல்ட் இந்த இருவருக்கும் சித்தப்பா. பின்னாளில் அவர் பொறுப்பேற்றது இந்த இரண்டு அண்ணன் மகன்களுக்குப் பதிலாகத்தான் என்பதை வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்துவையுங்கள்.

அவருக்கும் நான்கு பிள்ளைகள். ஆஸ்திரிய அரச குடும்பத்தின் டஸ்கனிக் கிளையைச் சேர்ந்த அகுஸ்தாவை 1844இல் ஃபிளாரன்ஸ் நகரில் மணந்தார். லுட்விக், லியோபோல்ட், தெரேசா, ஆர்னுல்ஃப் ஆகியோர் பிறந்தனர். மனைவி 1864இல் காலமானார். அதன் பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளாமல் நாற்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

முதல் அறுபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

பொறுப்பேற்றபோது அவருக்கு வயது அறுபத்தைந்து. கட்டுரையாளர்கள் பெரும்பாலும் இந்த அறுபத்தைந்து ஆண்டுகளை ஒரு பத்தியில் முடித்துவிட்டு 1886க்கு ஓடுகிறார்கள். அப்படிச் செய்தால், முதுமையில் அவர் காட்டிய நிதானம் எங்கிருந்து வந்தது என்பது வாசகருக்கு விளங்காமலே போய்விடும். அதே வேளையில் எல்லாவற்றையும் சொல்லவும் இடமிராது. பதினான்கு வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, மூன்று ஆண்டுகளில் மட்டும் நின்று எழுதுங்கள்.

முதலாவது 1848. நடனமங்கை லோலா மோன்டெஸ் மீது அரசர் கொண்ட ஈடுபாடும், அவ்வாண்டு ஐரோப்பா முழுவதும் எழுந்த கிளர்ச்சியும் சேர்ந்து முதலாம் லுட்விக்கின் ஆட்சியை உலுக்கின. குடிமக்களின் தூதுக்குழு அரசரைச் சந்திக்க வழி செய்து, தந்தைக்கும் நகரத்துக்கும் இடையில் நின்றவர் லூயிட்போல்ட். அதே மார்ச் மாதத்தில் தந்தை பதவி விலகினார். அரியணை எவ்வளவு எளிதில் ஆட்டங்காணும் என்பதை இருபத்தேழு வயதில் அவர் வீட்டுக்குள்ளிருந்தே பார்த்தார்.

இரண்டாவது 1866. பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடந்த போரில் பவேரியா ஆஸ்திரியாவின் பக்கம் நின்று தோற்றது. அந்தப் போரில் லூயிட்போல்ட் பவேரியாவின் மூன்றாம் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். ஹெல்ம்ஸ்டாட் என்ற இடத்தில் அவருடைய மூத்த மகன் லுட்விக் தொடையில் குண்டுபட்டு விழுந்தார். தோல்வியையும் மகனின் காயத்தையும் ஒரே கோடையில் சந்தித்த தளபதி அவர்.

மூன்றாவது 1870. இந்த இடத்தைச் சற்று விரித்து எழுதலாம். பிரான்சோடு நடந்த போரின்போது பவேரிய அரசரின் சார்பில் ஜெர்மானியத் தலைமைப் பாசறையில் தங்கியிருந்தவர் லூயிட்போல்ட். பிரஷ்ய அரசர் வில்ஹெல்ம் பேரரசர் பட்டத்தை ஏற்க வேண்டும் என்று வேண்டும் கடிதம் ஒன்றைப் பிஸ்மார்க் வரைந்து அனுப்ப, இரண்டாம் லுட்விக் அதைத் தம் கையால் பெயர்த்தெழுதினார். அந்தக் கடிதத்தை 1870 டிசம்பர் 3 அன்று வெர்சாயில் வில்ஹெல்மிடம் கொடுத்தவர் லூயிட்போல்ட். சொற்கள் பிஸ்மார்க்குடையவை, கையெழுத்து அண்ணன் மகனுடையது, கொடுத்த கை மட்டுமே இவருடையது. பவேரியாவின் முழுத் தன்னுரிமை குறைந்துபோன அந்தக் கணத்தில் வேறொருவருக்குப் பதிலாக நின்றவர் இவர். தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதும் அவர் செய்யவிருந்த வேலை இங்கேயே தொடங்கிவிட்டது என்று நான் கருதுகிறேன். அதன் பிறகு இரண்டாம் லுட்விக் பொது நிகழ்ச்சிகளிலிருந்து ஒதுங்க ஒதுங்க, சடங்குகளிலும் விழாக்களிலும் அவருடைய இடத்தில் நின்றவரும் இவரே.

1886 ஜூன் மாதத்தை நாள் நாளாக எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் மிகுந்த கவனம் தேவைப்படும் பகுதி இது. இரண்டாம் லுட்விக் மலைகளிலும் தீவிலும் அரண்மனைகளைக் கட்டியதால் அவருடைய கடன் ஏறத்தாழ 140 லட்சம் மார்க் அளவுக்கு ஏறியிருந்தது. அமைச்சரவையின் தலைவர் யோகான் ஃபோன் லுட்ஸ், அரசரை ஆட்சியிலிருந்து விலக்க மருத்துவச் சான்று தேடினார். ஜூன் 8 அன்று மனநல மருத்துவர் பெர்ன்ஹார்ட் ஃபோன் குடனும் வேறு மூன்று மருத்துவர்களும் அரசர் ஆட்சி நடத்தத் தகுதியற்றவர் என்று அறிக்கையில் ஒப்பமிட்டனர். அரசரை அவர்கள் அதற்காக நேரில் பரிசோதிக்கவில்லை. சாட்சிகளின் வாக்குமூலங்களை வைத்தே எழுதினர். ஜூன் 10 அன்று லூயிட்போல்ட் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே நாள் விடியலில் அரசரை அழைத்துவர நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குச் சென்ற ஆணைக்குழுவினரை அரசரின் காவலர்கள் தடுத்துக் கைது செய்தனர். இரண்டாம் முயற்சியில், ஜூன் 12 அன்று அரசரை பெர்க் மாளிகைக்குக் கொண்டுவந்தனர். மறுநாள் ஞாயிறு மாலை, மருத்துவர் குடனோடு ஏரிக்கரையில் உலாவச் சென்ற அரசர் திரும்பவில்லை. இரவில் இருவருடைய உடல்களும் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் கிடைத்தன.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, ஏரியில் என்ன நடந்தது என்பதைப் பற்றிய ஊகங்களுக்குள் இறங்காதீர்கள். கொலையா, தற்கொலையா, தப்பிக்கும் முயற்சியா என்று நூற்றாண்டுக்கு மேலாக வாதிட்டு வருகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் காணொலிகள் ஒவ்வொன்றும் ஒரு முடிவைச் சொல்லும். உங்கள் கட்டுரை அந்த அரசரைப் பற்றியதன்று. கோட்டை வாயிலில் ஒரு சீமாட்டி ஆணைக்குழுவினரைக் குடையால் தாக்கியது போன்ற சுவையான காட்சிகள் எழுதும் கையை இழுக்கும். ஆனால் அப்போது லூயிட்போல்ட் அங்கே இல்லை. அவர் மியூனிக்கில் இருந்தார், நீங்களும் அவரோடு மியூனிக்கிலேயே இருங்கள். அண்ணன் மகனை விலக்கும் ஆவணத்துக்கு இசைந்து, மூன்று நாட்களுக்குள் அவருடைய மரணச் செய்தியைப் பெற்ற சித்தப்பா எந்த நிலையில் நாட்டின் முன் நிற்க வேண்டியிருந்தது என்பதை எழுதுங்கள். மக்களில் ஒரு பகுதியினர் அவரைச் சந்தேகத்தோடும் வெறுப்போடும் பார்த்தனர். அதை மழுப்பாமல் எழுத வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை கணக்கைப் பற்றியது. லூயிட்போல்ட் இரண்டாம் லுட்விக்குக்குப் பதிலாகப் பொறுப்பு வகித்தது ஏறத்தாழ மூன்று நாட்கள் மட்டுமே. ஜூன் 13க்குப் பிறகு அரியணை இரண்டாம் லுட்விக்கின் தம்பி ஓட்டோவுக்குச் சென்றது. ஓட்டோ பல ஆண்டுகளாக மனநோயால் பாதிக்கப்பட்டு ஃபூர்ஸ்டன்ரீட் மாளிகையில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். எஞ்சிய இருபத்தாறரை ஆண்டுகளும் லூயிட்போல்ட் ஆண்டது இந்த ஓட்டோவின் பெயரில்தான். நல்ல மாணவர்கள்கூட இந்த இடத்தில், கோட்டை கட்டிய அரசருக்குப் பதிலாக இருபத்தாறு ஆண்டுகள் ஆண்டார் என்று எழுதிவிடுகிறார்கள்.

இதே பகுதியில் சேலத்தின் காலக்கோட்டையும் பக்கத்தில் வரைந்துகொள்வது நல்லது என்பேன். லூயிட்போல்ட் குழந்தையாக இருந்த 1820களில்தான் சேலம் ஆட்சியர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபிப் பயிரைக் கொண்டுவந்தார். லூயிட்போல்ட் தோல்வியுற்ற படையோடு நின்ற 1866இல் சேலம் நகராட்சி அமைந்தது. இரண்டாம் லுட்விக்கின் ஹெரன்கீம்சே தீவு அரண்மனைக்கு அடிக்கல் நாட்டப்பட்ட 1878ஆம் ஆண்டோ, நம் மாவட்டத்தைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடி முடித்த ஆண்டு. பஞ்சத்தையும் அரண்மனையையும் காரண காரியமாக இணைக்க முடியாது, இணைக்கவும் கூடாது. ஆனால் ‘அந்தக் காலம்’ என்று பொதுவாகச் சொல்லும்போது கேட்பவர் மனத்தில் எதுவும் பதியாது. தம் பாட்டனார் காலத்துக் கதையாகக் கேட்ட பஞ்சத்தின் ஆண்டைச் சொன்னால் பதிந்துவிடும்.

நீண்ட ஆட்சியை ஆண்டு வரிசையில் எழுதாதீர்கள்

இருபத்தாறு ஆண்டுகளை ஆண்டுதோறும் எழுதினால் கட்டுரை நாட்குறிப்பாகிவிடும். சில இழைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கொண்டுசெல்லுங்கள். முதல் இழை அமைச்சர்களைப் பற்றியது. லூயிட்போல்ட் பக்தியுள்ள கத்தோலிக்கர். நாடாளுமன்றத்திலும் கத்தோலிக்கர்களின் கட்சியே வலுவாக இருந்தது. ஆகவே அவர் தாராளவாதியான லுட்ஸை நீக்கிவிட்டுத் தம் சமயச் சார்புள்ளவர்களை அமர்த்துவார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அவர் லுட்ஸை அப்படியே வைத்துக்கொண்டார். பின்னர் கிரைல்ஸ்ஹைம், போடவில்ஸ் என்று அதே மரபினரே தொடர்ந்தனர். கத்தோலிக்கர்களின் கட்சியான மத்தியக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான ஹெர்ட்லிங்கை 1912இல்தான், தம் இறுதி ஆண்டில், அமைச்சரவைத் தலைவராக நியமித்தார். இதைத் தன்னடக்கம் என்றும் வாசிக்கலாம். பெரும்பான்மையோரின் விருப்பத்தைக் கால் நூற்றாண்டு தள்ளிப்போட்டார் என்றும் வாசிக்கலாம். இரண்டையும் எழுதிவிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள். என் முடிவு இரண்டாவதன் பக்கம் சற்றுச் சாய்கிறது: அமைச்சர்களை மாற்றாமல் இருப்பதும் ஓர் அரசியல் செயல்தான், அதன் பயன் யாருக்குச் சேர்ந்தது என்று கேட்காமல் விடக் கூடாது.

இரண்டாவது இழை கலை. இரண்டாம் லுட்விக் மூடிவைத்திருந்த அரண்மனைகள் அவர் இறந்த சில வாரங்களிலேயே, 1886 ஆகஸ்டில், கட்டணத்தோடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. லூயிட்போல்ட் தாமே பெரிய கோட்டைகள் எதையும் கட்டவில்லை. ஓவியர்களின் கூடங்களுக்கு நேரில் சென்று பார்ப்பதையும், அவர்களைத் தம் உணவு மேசைக்கு அழைப்பதையும் வழக்கமாகக் கொண்டிருந்தார். மியூனிக் நகரில் அவருடைய பட்டப்பெயரைத் தாங்கிய நெடுஞ்சாலை அமைந்தது. 1901இல் அதே பெயரில் அரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. காந்தின்ஸ்கி போன்ற ஓவியர்கள் வந்து குடியேறியதும், ‘நீலக் குதிரைவீரன்’ குழு 1911இல் தோன்றியதும் இந்த நகரத்தில்தான். அவர்களுடைய புதிய ஓவியங்களை முதியவர் விரும்பினார் என்று எழுதிவிடாதீர்கள். அந்த நகரத்தில் அவர்கள் வாழவும் வரையவும் இடம் இருந்தது என்று எழுதுவதே போதும்.

மூன்றாவது இழையாக மகள் தெரேசாவைச் சேர்க்குமாறு வற்புறுத்துவேன். பெரும்பாலான குறிப்புகள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர முடியாத காலத்தில் தாவரங்களையும் விலங்குகளையும் மக்களின் வாழ்க்கை முறைகளையும் தாமாகவே கற்று, 1888இல் பிரேசிலுக்கும் பின்னர் தென்னமெரிக்காவின் பிற பகுதிகளுக்கும் பயணம் செய்து, மாதிரிகளைச் சேகரித்து, நூல்களாக எழுதியவர் அவர். மியூனிக் பல்கலைக்கழகம் 1897இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. பவேரியாவின் பல்கலைக்கழகங்களில் பெண்கள் முறையான மாணவிகளாகச் சேர 1903இல் வழி திறந்தது. அதுவும் லூயிட்போல்டின் ஆட்சிக் காலத்தில்தான். ஏற்காட்டின் மலைத் தாவரங்களைக் குறிப்பேட்டில் பதிந்துவைக்கும் மாணவிகளுக்கு இந்த இளவரசியின் கதை தனியாகவே ஒரு கட்டுரையாகும்.

அவருடைய அன்றாட வாழ்க்கைக்கு ஒரு பத்தி போதும். வேட்டையில் பெரும் ஈடுபாடு கொண்டவர். ஆல்ப்ஸ் அடிவாரத்திலும் ஷ்பெசார்ட் காடுகளிலும் முதுமை வரை வேட்டைக்குச் சென்றார். குளிர்ந்த நீரில் நீந்துவதை முதுமையிலும் விடவில்லை. எளிய உடையும் நீண்ட வெண்தாடியும் கொண்ட அந்த முதியவரை, தொடக்கத்தில் வெறுத்த மக்களே காலப்போக்கில் நேசித்தார்கள். எட்டு அடுக்குகள் கொண்ட ஒரு கேக் இன்றும் அவருடைய பட்டப்பெயரில் விற்கப்படுகிறது. அந்த அடுக்குகள் அன்றைய பவேரியாவின் எட்டு மாவட்டங்களைக் குறிப்பதாகச் சொல்வார்கள். மற்ற விவரங்களைக் குறைத்துவிட்டு, அந்த வெறுப்பு எப்படி நேசமாக மாறியது என்பதற்குச் சான்று தேடுங்கள்.

ஒரு நாணயத்தை உற்றுப் பாருங்கள்

எழுத்துச் சான்றுகளை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு நான் காட்டும் சான்று நாணயம். இந்த இருபத்தாறு ஆண்டுகளில் பவேரியாவில் அச்சடிக்கப்பட்ட வெள்ளி மார்க் நாணயங்களின் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். முன்புறத்தில் இருப்பது ஆண்டவரின் முகம் அன்று; மாளிகையில் அடைபட்டிருந்த ஓட்டோவின் முகம். சுற்றிலும் ‘ஓட்டோ, பவேரியாவின் அரசர்’ என்ற பொருளில் ஜெர்மன் எழுத்துகள். லூயிட்போல்டின் முகம் நாணயத்தில் வந்தது 1911இல், அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாள் நினைவு வெளியீட்டில்தான். இரண்டு நாணயங்களின் படங்களையும் அருகருகே வைத்து அச்சிட்டு, உரையின்போது கேட்பவர்களிடம் கைமாற்றிவிடுங்கள். ஆட்சிப் பொறுப்பாளர் என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்கும் பொருளை நான் கண்டதில்லை.

ஒப்பிடுங்கள், ஆனால் எல்லையோடு

நம் வாசகர்கள் உடனே நினைப்பது இராணி மங்கம்மாளைத்தான். 1689 முதல் தம் பேரன் விஜயரங்க சொக்கநாதருக்காக மதுரை நாயக்கர் அரசை ஆண்டவர் அவர். அவர் அமைத்த சாலைகளையும் சத்திரங்களையும் பற்றிய நினைவு இன்றும் மக்களிடம் வாழ்கிறது. ஒப்பீடு பயனுள்ளதே. ஆனால் பேரன் வளர்ந்து பெரியவனாவான் என்ற எதிர்பார்ப்பு மங்கம்மாளின் பொறுப்புக்கு ஓர் இயல்பான முடிவைக் கொடுத்தது. ஓட்டோவின் நோய்க்கு அப்படி ஒரு முடிவு தெரியவில்லை. முடிவு தெரியாத பொறுப்பு என்பதே லூயிட்போல்டின் நிலையை வேறாக்கியது. பிரஷ்யாவில் நோயுற்ற அண்ணனுக்காக 1858 முதல் பொறுப்பு வகித்த வில்ஹெல்ம், அண்ணன் இறந்ததும் 1861இல் தாமே அரசரானார் என்பதையும் சேர்த்துக்கொண்டால், வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஒப்பீட்டுக்கு இரண்டு பத்திகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கட்டுரை கைமாறிவிடும்.

எங்கே நிறுத்துவது

லூயிட்போல்ட் 1912 டிசம்பர் 12 அன்று, தொண்ணூற்றொரு வயதில், மியூனிக்கில் காலமானார். தேயாட்டினர் தேவாலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டார். பலரும் இங்கே கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். இன்னும் ஓராண்டு தொடர்ந்து செல்லுங்கள். ஹெல்ம்ஸ்டாட்டில் காயம்பட்ட அந்த மூத்த மகன் லுட்விக் பொறுப்பை ஏற்று, 1913 நவம்பரில் அரசியலமைப்பையே திருத்தச் செய்து, ஓட்டோ உயிரோடு இருக்கும்போதே மூன்றாம் லுட்விக் என்ற பெயரில் அரசரானார். ஓட்டோ 1916இல் இறக்கும் வரை பவேரியாவில் அரசர் பட்டம் இரண்டு பேரிடம் இருந்தது. 1918 நவம்பர் புரட்சியில் அந்த முடியாட்சியே வீழ்ந்தது. தந்தை செய்ய மறுத்ததை மகன் ஓராண்டுக்குள் செய்துவிட்டார் என்பதைச் சொன்னால்தான் தந்தையின் மறுப்பு எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

எழுதி முடித்த பிறகு, கோப்பில் ‘அரசர் லூயிட்போல்ட்’ என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். எங்காவது அகப்பட்டால் திருத்துங்கள். ‘முடிசூடினார்’, ‘அரியணை ஏறினார்’ ஆகிய சொற்களையும் அப்படியே தேடுங்கள். பெயர்களின் எழுத்துமுறையை முதல் பக்கத்தில் எப்படித் தொடங்கினீர்களோ அப்படியே கடைசி வரை வைத்திருங்கள். உரையாக வழங்குவதாக இருந்தால் பவேரியாவின் வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும். இன்றைய பவேரியா பரப்பில் தமிழ்நாட்டின் பாதிக்குச் சற்று மேல் என்று சொன்னால் அளவு பிடிபட்டுவிடும்.

அவையில் நிச்சயமாக எழும் கேள்வி ஒன்றுதான்: அத்தனை ஆண்டுகள் ஆண்டவர் ஏன் அரசராகவில்லை? விடையை முன்கூட்டியே எழுதிவைத்திருங்கள். ஓட்டோ உயிரோடு இருந்தார். நோயுற்ற அரசரிடமிருந்து பட்டத்தைப் பறிக்க 1818ஆம் ஆண்டு அரசியலமைப்பில் வழி இல்லை. அந்த வழியை உண்டாக்கிக்கொள்ளலாம் என்று பிறர் முன்வைத்த யோசனைகளுக்கு லூயிட்போல்ட் இசையவில்லை.